பிடித்த பதில் கிடைத்ததும் விசாரணை முடிந்துவிடுகிறது

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மனிதர்கள் தாங்கள் விரும்புவதையே உண்மை என்று நம்புகிறார்கள் என்பது சரியா? சரியென்றால், நன்றாகப் படித்தவர்களும் ஆராய்ச்சியாளர்களும்கூட அதில் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள்?

பாதி சரி. ஆசைப்பட்டதற்காக மட்டும் யாராலும் எதையும் நம்பிவிட முடியாது. என் கணக்கில் ஒரு கோடி ரூபாய் இருக்கிறது என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் போனை எடுத்து இருப்பைப் பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆசைக்கு வேலை இருப்பது சான்று அரைகுறையாக இருக்கும் இடத்தில். அங்கேயும் அது நேராக வந்து 'இதை நம்பு' என்று சொல்வதில்லை. எவ்வளவு தூரம் விசாரிப்பது, எந்த இடத்தில் 'சரி, போதும்' என்று நிறுத்துவது என்பதில்தான் அது கை வைக்கிறது. அதனால்தான் நமக்கு அது தெரிவதே இல்லை. விசாரித்துத்தானே முடிவுக்கு வந்தோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளில் எந்த வீட்டிலும் இதைப் பார்க்கலாம். வெறும் வயிற்றில் சர்க்கரை 180 என்று வந்துவிட்டால் உடனே ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். முந்தின நாள் கல்யாணச் சாப்பாடு, ராத்திரி சரியான தூக்கமில்லை, ரத்தம் எடுத்த பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே எடுத்தான், அந்த லேப் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 'எதற்கும் வேறு லேபில் ஒரு தடவை பார்த்துவிடலாம்.' இதில் ஒவ்வொரு காரணமும் நியாயமானதே, சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் 92 என்று வந்திருந்தால்? அதே பையன், அதே செல்போன், அதே லேப். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்துவிட்டுக் காபியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்வார்கள்.

பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ இதையே சோதனையாகச் செய்து பார்த்தார்கள். மாணவர்களிடம் ஒரு மஞ்சள் காகிதத் துண்டைக் கொடுத்து, அதில் உமிழ்நீரைத் தொட்டுவைக்கச் சொன்னார்கள். உடம்பில் ஒரு குறிப்பிட்ட நொதி குறைவாக இருக்கிறதா என்று காட்டும் சோதனை என்று அறிமுகம். உண்மையில் அப்படி ஒரு நொதியே கிடையாது, காகிதமும் சாதாரணக் காகிதம்தான். எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் நிறம் மாறாது. பாதிப்பேரிடம் 'நிறம் மாறினால் குறைபாடு' என்றும், மீதிப்பேரிடம் 'நிறம் மாறினால் ஆரோக்கியம்' என்றும் சொல்லிவைத்தார்கள். நிறம் மாறாமல் இருந்தால் நல்லது என்று கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். மாற வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள், மறுபடி தொட்டுப் பார்த்தார்கள், முடிவைத் திரும்பச் சோதிப்பதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். இரண்டு தரப்புமே கண்ணெதிரே இருந்ததைத்தான் பார்த்தது. யாரும் மஞ்சளைப் பச்சை என்று சொல்லவில்லை. எப்போது பார்த்து முடிப்பது என்பதில் மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. படித்தவர்கள் எப்படி மாட்டுகிறார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்து பில்ட்டவுன் மனிதனைவிட நல்ல கதை கிடையாது.

1912 டிசம்பர் 18 அன்று லண்டன் புவியியல் கழகத்தில் ஒரு கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்கள் இருவர். ஒருவர் சார்லஸ் டாசன்: சசெக்ஸ் பகுதியில் வழக்கறிஞர், ஓய்வு நேரத்தில் பழம்பொருள் தேடுபவர். மற்றவர் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட்: லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் புவியியல் பிரிவின் தலைவர், சாதாரண ஆள் இல்லை. பில்ட்டவுன் என்ற சிற்றூரின் சரளைக் குழியில் மண்டையோட்டுத் துண்டுகளும் பாதித் தாடையும் கிடைத்ததாகச் சொன்னார்கள். மண்டை நம்முடையது மாதிரி பெரியது, தாடையோ வாலில்லாக் குரங்கினுடையது. ஆக, இதுதான் மனிதனுக்கும் குரங்குக்கும் இடையில் காணாமல் போயிருந்த கண்ணி என்றார்கள். கண்டெடுத்தவர் பெயரையே சேர்த்து 'இயோஆந்த்ரோபஸ் டாசனி' என்று அறிவியல் பெயரும் வைத்தாயிற்று.

உள்ளே இருந்த விஷயம் என்னவென்றால், யாரோ ஒரு மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் எடுத்து, பற்களை அரத்தால் தேய்த்து, பழுப்பேற்றி அந்தக் குழியில் போட்டிருந்தார்கள். டாசன்தான் செய்திருப்பார் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் முடிவு. 1953 நவம்பரில் குட்டு வெளிப்பட 41 ஆண்டுகள் ஆயின.

டாசன் ஏமாற்றியது பெரிய அதிசயமில்லை, உலகத்தில் ஏமாற்றுகிறவர்களுக்குப் பஞ்சமா என்ன? அதை ஏன் அத்தனை பேர் வாங்கிக்கொண்டார்கள் என்பதுதான் விஷயம். அப்போதைய நிலவரத்தைப் பாருங்கள். ஜெர்மனியிடம் 1856லேயே நியாண்டர்தால் என்ற ஆதிமனிதனின் எலும்பு இருந்தது. பிரான்சிடம் 1868இல் கிடைத்த குரோமேன்யன் இருந்தது. 1907இல் ஹைடல்பெர்க் பக்கத்தில் இன்னொரு பழைய தாடை, அதுவும் ஜெர்மனிக்கே. உலகில் ஏறத்தாழ கால்வாசியைக் கட்டி ஆண்டுகொண்டிருந்த இங்கிலாந்திடம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு எலும்பு இல்லை. இது வெளியே தெரிந்த ஆசை. உள்ளே இன்னொன்று இருந்தது. மனிதனை மனிதனாக்கியது மூளை, ஆகவே பரிணாமத்தில் முதலில் பெருத்தது மூளையாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்நாளைய ஆங்கில அறிஞர்கள் பலர் நினைத்தார்கள். பெரிய மண்டை, குரங்குத் தாடை என்றால் அதற்கு அச்சு அசலான சான்று. இரண்டாவது ஆசைதான் அதிக ஆபத்தானது என்பேன். நாட்டுப்பற்றை ஆசை என்று எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். என்னுடைய கோட்பாடு ஜெயிக்க வேண்டும் என்பது எனக்கு ஆசையாகவே தோன்றாது, அறிவாகத்தான் தோன்றும்.

தாடையில் இரண்டு இடங்கள் உடைந்து காணாமல் போயிருந்தன. ஒன்று முகவாய்ப் பகுதி. இன்னொன்று தாடை மண்டையோட்டில் பொருந்தும் மூட்டு. தாடையும் மண்டையும் ஒரே ஆளுடையவையா என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய இடங்கள் அவைதான். துல்லியமாக அவை இரண்டும் இல்லை என்பதே ஒருவரை உறுத்தியிருக்க வேண்டும். மாறாக, அந்த இடைவெளியை அவரவர் விருப்பப்படி களிமண்ணாலும் பிளாஸ்டராலும் நிரப்பினார்கள். ஆர்தர் கீத் என்ற உடற்கூறு அறிஞருக்கும் உட்வர்டுக்கும் பெரிய சண்டையே நடந்தது. எதைப் பற்றி? மூளையின் கொள்ளளவு எவ்வளவு, துண்டுகளை எப்படிச் சேர்ப்பது என்பதைப் பற்றி. வெளியிலிருந்து பார்த்தால் எவ்வளவு கடுமையான விமர்சன மரபு என்று தோன்றும். அஸ்திவாரம் சரியா என்று மட்டும் இருவருமே கேட்கவில்லை.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். உட்வர்ட் செய்த மாதிரி வடிவத்தில் கோரைப்பல் எப்படி இருக்க வேண்டும் என்று ஊகித்திருந்தார். 1913இல் கிட்டத்தட்ட அப்படியே ஒரு கோரைப்பல் அந்தக் குழியிலேயே கிடைத்தது. அடுத்த வருஷம் யானையின் எலும்பில் செதுக்கிய ஒரு கருவி, பார்க்கக் கிரிக்கெட் மட்டை மாதிரி. ஆதி ஆங்கிலேயனிடம் கிரிக்கெட் மட்டை! அதைப் பற்றியும் முறையாகக் கட்டுரை எழுதினார்கள்.

சந்தேகப்பட்டவர்களே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1913லேயே டேவிட் வாட்டர்ஸ்டன் லண்டனில் இருந்துகொண்டே இது குரங்குத் தாடை என்று எழுதினார். அமெரிக்காவிலிருந்து கெரிட் மில்லர் 1915இல் அதையே விரிவாகச் சொன்னார். அப்போது இரண்டாவது இடம் ஒன்றில் அதே வகை மண்டையோட்டுத் துண்டுகளும் ஒரு பல்லும் கிடைத்ததாகச் செய்தி வந்தது. 1916இல் டாசன் இறந்துபோனார். மறுவருஷம் உட்வர்ட் அதை வெளியிட்டார். ஒருமுறை என்றால் தற்செயல், இரண்டு இடத்தில் எப்படித் தற்செயலாகும் என்று சந்தேகக்காரர்கள் பலர் மனம் மாறினார்கள். அந்த இரண்டாவது இடம் சரியாக எது என்பதைக்கூட டாசன் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவும் இல்லை.

இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாவுங் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒரு குழந்தையின் மண்டையோடு கிடைத்தது. சிறிய மூளை, மனிதச் சாயலுள்ள பற்கள், நிமிர்ந்து நடந்ததற்கான அடையாளம். மனிதனின் மூதாதை இந்த வழியில் வந்திருக்கலாம் என்று ரேமண்ட் டார்ட் 1925இல் எழுதினார். அது அசல், இன்றுவரை நிற்கிற கண்டுபிடிப்பு. ஆனால் லண்டன் அறிஞர்கள் அதன்மீது பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே! குட்டியின் எலும்பை வைத்து முடிவு சொல்லலாமா, காலக் கணிப்பு சரியா, சிம்பன்சிக் குட்டியாக இருக்காதா? கேட்ட கேள்விகள் எல்லாமே நல்ல கேள்விகள். அவற்றில் பாதியைப் பில்ட்டவுனிடம் கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். டார்ட் சொன்னது சரி என்று கீத் ஒப்புக்கொண்டது 1947இல்.

கடைசியில் கென்னத் ஓக்லி என்ற ஆய்வாளர் 1949இல் எலும்பிலுள்ள ஃபுளூரின் அளவை வைத்துப் பார்த்தபோது அது சொன்ன அளவுக்குப் பழையது இல்லை என்று தெரிந்தது. அப்போதும் மோசடி என்று யாருக்கும் தோன்றவில்லை. 1953இல் ஜோசப் வைனர்தான் 'இது வேண்டுமென்றே செய்ததாக இருந்தால்?' என்று யோசித்தார். அந்த எண்ணத்தோடு உருப்பெருக்கியில் பார்த்ததும் பற்களின்மேல் அரம் தேய்த்த கீறல்கள் அப்பட்டமாகத் தெரிந்தன. இவ்வளவு வெளிப்படையானது இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று அவரோடு சேர்ந்து ஆராய்ந்த லெ கிராஸ் கிளார்க்கே ஆச்சரியப்பட்டார்.

இதில் யாரும் முட்டாள் இல்லை. பயிற்சியும் அறிவும் குறைவாக இருந்ததால் இப்படி ஆகவில்லை. பார்க்கப்போனால் அறிவு அதிகமாக இருந்ததால் பிளாஸ்டர் வைத்து நிரப்பும் வேலை சிறப்பாக நடந்தது. டான் கஹான் குழுவினர் 2013இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே எண்களைச் சிலரிடம் தோல் களிம்பு பற்றிய புள்ளிவிவரம் என்று கொடுத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகப் போட்டார்கள். அதே எண்களை வேறு சிலரிடம் துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றியவை என்று கொடுத்தபோது, விடை தங்கள் அரசியலுக்கு ஒத்துவந்தால் சரியாகவும் வராவிட்டால் தவறாகவும் போட்டார்கள். அதில் கெட்டிக்காரர்களிடம்தான் பிளவு அதிகம். பின்னால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது விளைவு எப்போதும் அதே வலுவோடு வரவில்லை, ஆகவே இதை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனால் பில்ட்டவுன் கதையோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை.

இங்கிலாந்தைப் பார்த்துச் சிரித்தாயிற்று. நம் பக்கம் வருவோம். குமரிக்கண்டம்.

கடல் நிலத்தை விழுங்கியது என்ற செய்தி தமிழில் பழையது. பஃறுளி ஆற்றையும் குமரி மலையையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் 49 நாடுகள், 700 காவதம் (அந்தக் காலத்துத் தூர அளவு) என்று கணக்கே கொடுக்கிறார். இதற்குச் சம்பந்தமே இல்லாமல், 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் லெமூரியா என்றொரு கண்டத்தை ஊகித்தார். மடகாஸ்கரிலுள்ள லெமூர் என்ற விலங்குக்கு இந்தியாவில் எப்படிச் சொந்தக்காரர்கள் இருக்க முடியும் என்பது அவருடைய பிரச்சினை. நடுவில் தரை இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். கண்டங்கள் நகரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ஆகவே அது மோசமான ஊகமும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டும் தமிழ்நாட்டில் ஒன்றாக ஒட்டப்பட்டன. மண்டையோடும் தாடையும் மாதிரிதான்.

ஒட்டியவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நம் மொழிக்குத் தனி வரலாறே இல்லை என்று பேசியவர்கள் நடுவில், ஓர் ஐரோப்பிய அறிவியலாளர் கடலுக்கடியில் கண்டமே இருக்கிறது என்று சொன்னால் யார்தான் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்? ஆனால் அதோடு விசாரணை நின்றுபோனது. 1960களில் கண்டங்கள் நகர்கின்றன என்ற தட்டு நகர்வுக் கோட்பாடு நிலைபெற்றதும் லெமூரியா தேவையற்றுப் போனது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தவை. நம் மனித இனத்துக்கு வயது ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுதான். இந்தியப் பெருங்கடலின் நடுவில் தமிழ்ச் சங்கம் நடந்த கண்டம் எதுவும் மூழ்கிக் கிடக்கவில்லை. அறிவியல் ஸ்கிளேட்டரை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது, நாம் மேடையில் இன்னும் அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்.

இதில் நஷ்டம் என்னவென்றால், உண்மையான சமாசாரம் அடியில் அமுங்கிப்போனது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. தமிழகமும் இலங்கையும் தரையால் இணைந்திருந்தன, குமரி முனைக்குத் தெற்கேயும் தரை நீண்டிருந்தது. பிறகு கடல் ஏறியது. கடல்கோள் நினைவுக்கு இதில் பங்கு உண்டா என்பது நியாயமாக ஆராய வேண்டிய விஷயம். ஆனால் கண்டம்தான் வேண்டும் என்பவருக்குக் கரையோரத் தரை போதாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று நடக்க வேண்டும் என்று விரும்பினால் அது பொய் என்றாகிவிடாது. கீழடியில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தபோது, தமிழர்கள் பலர் அறிக்கையைப் படிக்காமலே கொண்டாடினார்கள். வேறு சிலர் அறிக்கையைப் படிக்காமலே தமிழ் வெறி என்று ஒதுக்கினார்கள். 'நீ ஆசைப்படுகிறாய், ஆகவே நீ சொல்வது தவறு' என்பதும் விசாரணையைப் பாதியில் நிறுத்தும் வேலைதான். கரித்துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது, அதே அடுக்கில் வேறென்ன இருந்தது, மற்ற மாதிரிகள் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டால் பதில் கிடைக்கும். அந்தப் பதில் யாருடைய ஆசையையும் பொறுத்து மாறாது.

ஆசை என்றதும் நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இல்லை. நெஞ்சில் சின்னதாக ஒரு வலி வந்தாலே மாரடைப்பு என்று நம்புகிறவரும் உண்டு. அசட்டையாக இருந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே உள்ளிருக்கும் விருப்பம். இதற்குத் தனியாக ஒரு பதில் எழுதலாம், இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, என்ன செய்யலாம்? 'திறந்த மனதோடு இருங்கள்' என்ற அறிவுரையால் பிரயோஜனம் இல்லை. பில்ட்டவுன்காரர்களும் தங்கள் மனம் திறந்திருப்பதாகத்தான் நினைத்தார்கள். ஆளை மாற்றுவதைவிட ஏற்பாட்டை மாற்றுவது எளிது.

1903இல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே புளோண்ட்லோ என்ற மதிப்புமிக்க இயற்பியலாளர் 'N கதிர்கள்' என்று ஒரு புதுக் கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். எக்ஸ் கதிர்களை ஜெர்மானியரான ரோன்ட்கன் கண்டுபிடித்து எட்டே வருஷம் ஆகியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். இருட்டறையில் மங்கலாக ஒளிரும் ஒரு புள்ளி லேசாகப் பிரகாசமாவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் சோதனை. பிரான்சில் பலர் பார்த்தார்கள், வெளிநாட்டில் பெரும்பாலோர் கண்ணில் படவில்லை. 1904இல் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் வுட் நான்சிக்குப் போனார். கதிரைப் பிரிப்பதாகச் சொன்ன அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டார். புளோண்ட்லோ பாட்டுக்கு அளவுகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். வுட் அதை அச்சில் வெளியிட்டதும் பிரான்சுக்கு வெளியே அந்தக் கதிர்களின் கதை முடிந்தது. புளோண்ட்லோ பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிந்தது. வுட் அவரோடு தர்க்கம் பண்ணவும் இல்லை, அவர் ஆசையைப் பற்றிப் பேசவும் இல்லை. பட்டகம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது பார்ப்பவருக்குத் தெரியாதபடி செய்தார், அவ்வளவுதான். இன்று புது மருந்தைச் சோதிக்கும்போது எது மருந்து, எது வெறும் மாத்திரை என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்துவைப்பதன் தர்க்கமும் அதுவே.

நம் அன்றாட முடிவுகளில் இவ்வளவு ஏற்பாடு செய்ய முடியாது. யாரிடம் விசாரிக்கிறோம் என்பதையாவது மாற்றலாம். கொங்குப் பகுதியில் 2012 வாக்கில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் வரிசையாகச் சரிந்து, பல குடும்பங்களின் பணம் போனது. பணம் போட்டவர்கள் விசாரிக்காமல் போடவில்லை. ஏற்கெனவே போட்டு மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருந்த சொந்தக்காரரிடம், பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் விசாரித்தார்கள். அவர்களும் இதே திட்டம் ஜெயிக்க வேண்டும் என்று காத்திருந்தவர்கள்தான். ஈமு கறி கிலோ என்ன விலை, வாரத்துக்கு எத்தனை கிலோ போகும் என்று சந்தையில் ஒரு கறிக்கடைக்காரரிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி பதில் வந்திருக்கும். அவருக்கு அந்தத் திட்டம் ஜெயிக்கவும் வேண்டாம், தோற்கவும் வேண்டாம்.